நயினாரைக் கடித்த நாய்

கால்நடை ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஊசியை எங்கே போடுவது, மாடு முட்ட வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகப்போவதில்லை. ஒன்றுமே புரியாமல் முழிக்கிற நேரத்தில் என்ன செய்வது என்று வேண்டுமானால் கேளுங்கள். அதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

அறுபதுகளில் நான் செஞ்சியில் கம்பவுண்டர். ஊர் எங்களை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்லும். சரியாகத்தான் சொன்னார்கள். மாடு வரும், ஆடு வரும், எப்போதாவது கோழி வரும். நாயைக் கூட்டிக்கொண்டு வைத்தியத்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள். நாய் எங்களிடம் வந்தால் அது யாரையோ கடித்திருக்கிறது என்று அர்த்தம்.

கடித்த நாயைப் பிடித்து வந்து பின்னால் இருக்கும் ஷெட்டில் கட்டுவோம். பத்து நாள் பார்க்க வேண்டும். நாய் நன்றாக இருந்தால் கடிபட்டவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நாய் செத்தால், கடிபட்டவர் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்ள ஓட வேண்டும். சரி, நல்லபடியாகப் பத்து நாள் தாண்டிய நாயின் கதி என்ன? யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடுவோம். கேட்பாரில்லாத தெருநாய் என்றால், சந்தைக்கு மறுநாள் துப்பாக்கியோடு ஒருவர் வருவார். அதோடு சரி.

அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தச் செவலை நாய். இன்னும் முழுசாக வளராத வயசு. கடிபட்டவர் ஒரு நயினார். எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பெரியவர்களை நயினார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்கு மேல்சித்தாமூரில் வீடும் நிலமும், செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியும் இருந்தன. மண்டி வாசலில் மூட்டை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவர், படுத்திருந்த நாயின் வாலை மிதித்துவிட்டார். கெண்டைக்காலில் பல் நன்றாக இறங்கிவிட்டது.

மறுநாள் காலையிலேயே ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நாய் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"உசுரோட இருக்குதான்னு கேக்கறேன்."

"வாலாட்டுது பாருங்க."

அது அவருக்குப் போதவில்லை. குந்தி உட்கார்ந்து அது மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து தினமும் பஸ் இறங்கியதும் மண்டிக்குப் போகாமல் நேராக எங்களிடம் வருவார். கையில் ஒரு தூக்கு, அதில் மோர்ச்சோறு. நாய் பட்டினியால் செத்தாலும் அதை வெறிநோய்க் கணக்கில்தானே எழுதுவார்கள் என்று பயம். அது தின்று முடிக்கும்வரை கை கட்டி நிற்பார். ஒருநாள் அது தும்மிவிட்டது. மனிதருக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. எங்கள் டாக்டர் வெளியே வந்து, "தும்மினா வெறி இல்லய்யா, தூசி" என்று சொன்ன பிறகுதான் இடத்தை விட்டு அசைந்தார்.

தன் உயிருக்காகத்தான் வந்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்து நாள் முடிந்து, அவருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் தூக்கோடு வந்து நின்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் புரியாமல் போக ஆரம்பித்தது.

"இனிமே நீங்க வர வேணாங்க. உங்களுக்கு ஆபத்து போயிடுச்சு," என்றேன்.

"எனக்குப் போயிடுச்சி. அதுக்கு?"

துப்பாக்கிக்காரர் அடிக்கடி வருவதில்லை, ஆனால் வந்துவிடுவார் என்று சொன்னேன். அவர் முகம் அப்படியே தொங்கிவிட்டது.

"அது சாவக் கூடாது, சாவக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்தேன் தம்பி. இப்ப எனக்கு வேல ஆயிடுச்சி, நீ சுட்டுக்கோன்னு எந்த வாயால சொல்றது?"

அப்போதும் உடனே கூட்டிப்போகவில்லை. வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, துப்பாக்கிக்காரரும் வரவில்லை. ஆக நாய் எங்கள் ஷெட்டில் கட்டியபடியே கிட்டத்தட்ட ஒரு மாசம் இருந்தது. கடைசியில் மண்டிக்கு மூட்டை கொண்டுவந்த மாட்டுவண்டியில் அதை ஏற்றி மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோய்விட்டார். கடித்த நாய்க்குச் சோறும் போட்டு வீட்டுக்கும் கூட்டிப்போகிறாரே என்று நானும் டாக்டரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை.

"தம்பி, அது வெளிய ஒண்ணுக்குப் போவ மாட்டேங்குது," என்று வந்து நின்றார் நயினார்.

"வெளிய போவாதுன்னா?"

"கொல்ல முழுக்க இட்டுக்கினு சுத்தறேன். மோந்து பாக்குது, நிக்குது, என் மூஞ்சியப் பாக்குது. ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்து முத்தத்துல கால வச்சதும் நேரா தூண் கிட்டப் போயி தூக்கிடுது."

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. தெருநாய்க்கு இதையெல்லாம் கற்றுக் கொடுப்பார்களா என்ன? வாசலோடு விட்டுவிடுங்களேன் என்றேன். வாசலில் விட்டால் ஊர் நாய்களெல்லாம் சேர்ந்து குதறுகின்றனவாம். கதவைத் திறந்தாலே நடுங்குகிறதாம். அதனால் உள்ளேயே வைத்திருக்கிறார். உள்ளே வைத்தால் இந்தக் கூத்து.

டாக்டரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், பெரிய மனிதரும்கூட. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் அவரிடம் இருந்தது. ஆனால் அன்றைக்கு ஏனோ சொல்லவில்லை. "நீர்க்கடுப்பா இருக்கும், பார்லித் தண்ணி குடுக்கச் சொல்லு" என்றார். கொடுத்தார்கள். முற்றத்தில் இன்னும் அதிகமாகப் போனது. "சாப்பாட்டு நேரத்த மாத்தச் சொல்லு, பொழுது போனப்புறம் போடட்டும்" என்றார். அது அந்த வீட்டில் நடக்கிற காரியமா? பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள் அவர்கள். நாய்க்கும் அதே சட்டம்தான். பக்கத்து வீட்டுக்காரர் வேறு வழி சொன்னாராம்: மூக்கை அதிலேயே தேய்த்து நாலு சாத்து சாத்த வேண்டும் என்று. நயினார் காதைப் பொத்திக்கொண்டாராம். எறும்புக்கும் வழி விடுகிற மனிதர், நாயை அடிப்பாரா?

அப்போதுதான் டாக்டரும் நானும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். நாய் ஒருதரம் போன இடத்தை மோப்பம் பிடித்து மறுபடி அங்கேயே போகும். அந்த வாடையை எடுத்துவிட்டால் போதும். எங்கள் ஆஸ்பத்திரியில் எந்த வாடைக்கும் ஒரே மருந்துதான். ஃபினாயில். ஒரு பாட்டிலைக் கொடுத்து, தண்ணீரில் கலந்து நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னோம்.

நயினார் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பூச்சி பொட்டு செத்துடுமே தம்பி."

"பெருக்கித் தள்ளிட்டு ஊத்துங்க," என்றேன். அரைமனசாக வாங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் தலைகால் புரியாமல் போனது. முதலில் தூணடியில் மட்டும் போய்க்கொண்டிருந்த நாய், இப்போது நடையில் போகிறது, கூடத்தில் போகிறது, நெல் குதிர் பக்கத்தில் போகிறது. அவர்கள் கழுவக் கழுவப் புதுசு புதுசாக இடம் பிடிக்கிறது. இன்னொரு பாட்டில் கொடுத்தேன். நிலைமை இன்னும் மோசமானது.

ஊர் ஊராகப் போய் மாடு பார்க்கும் வேலை எங்களுக்கு உண்டு. மேல்சித்தாமூர் முறை வந்தபோது நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தாண்டியதுமே எங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி வாடை. நாய் ஓடிவந்து என் முழங்காலில் ஏறியது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு.

நயினார் வீட்டம்மா முற்றத்தில் வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தார். வெள்ளையாகப் பேசுகிற மனுஷி.

"இன்னா தம்பி வைத்தியம் பண்றீங்க நீங்க? இடுப்பு வுட்டுப் போச்சி எனக்கு. பத்தாததுக்கு உங்க தண்ணி நாத்தம். சோத்த வாயில வைக்க முடியல."

"எல்லா இடத்துலயும் போவுதாம்மா?"

"சாமி ரூம்ல மட்டும் போவல."

நயினார் முகம் மலர்ந்தது. "அதுக்குத் தெரியுது தம்பி. அந்த வாசப்படியத் தாண்டினா எவ்ளோ அடக்கமா படுத்துக்குது தெரியுமா?"

நான் நாயைப் பார்த்தேன். நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. பக்தி உள்ள நாய் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. வேறு எப்படி என்றும் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தேன். தம்பிகளே, அந்த இடத்தில் நான் உட்கார்ந்து இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். புரியாத ஒன்றைக் கண்ணெதிரே பார்க்கிறபோது அதை விட்டு நகராதீர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு கிளம்பினால் காரியம் கெடும்.

கெட்டது. அந்த அம்மா ஒரு நோன்பு பிடித்திருந்தார். அது நிறைகிற நாளில் பாரணை, அதாவது நோன்பு முடித்துச் சாப்பிடும் நிகழ்ச்சி. ஊரிலிருக்கும் சமண மடத்திலிருந்தும் உறவு ஊர்களிலிருந்தும் பெரியவர்கள் வருவார்கள், வீடு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குச் சொல்லியனுப்பினார்கள், வந்து நாயைக் கூட்டிப்போகச் சொல்லி. சங்கிலியை எடுத்துக்கொண்டு போனேன். நயினார் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாதான் பேசினார்.

"நாங்க ஒண்ணும் தொரத்தல தம்பி. உங்க கிட்டயிருந்து வந்துது, உங்க கிட்டயே திருப்பிக் குடுக்கறோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்ககிட்டன்னா யாருகிட்டம்மா? நாளன்னைக்குச் சந்தைக்கு மறுநாள். இந்த வாரம் துப்பாக்கிக்காரர் வர்றதா சொல்லியிருக்காரு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். கோபத்தில் பேசியதற்கு எனக்கும் சங்கடமாக இருந்தது, ஆனால் உண்மையைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

மூட்டை ஏற்றிய வண்டி செஞ்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் ஏறினேன். நாயைத் தூக்கி ஏற்ற வேண்டியே இருக்கவில்லை. என் பின்னாலேயே தாவி ஏறி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. எங்கே போகிறது என்று தெரியாமல் இப்படி ஆசையாக ஏறுகிறதே என்று அதன் தலையைத் தடவினேன்.

வழியெல்லாம் இறக்கி இறக்கிப் பார்த்தேன். புளியமரத்தடியில் நிறுத்தினேன், ஏரிக்கரையில் நிறுத்தினேன். தெருவில் எங்கே காலைத் தூக்கினாலும் கல் விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அது. நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டிக்கே வந்துவிட்டது. கோட்டை மலை தெரிய ஆரம்பித்தபோது வயிறு முட்டி நெளிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடியது. நான் அதன் பின்னால் தடுமாறி ஓடினேன். நேரே ஷெட். அது கட்டிக் கிடந்த அதே கருங்கல் பலகை. அதன் மேல் ஏறி நின்று காலைத் தூக்கியது பாருங்கள், மதகைத் திறந்துவிட்ட மாதிரி. முடியவே இல்லை. முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல வாலை ஆட்டியது.

டாக்டர் வாசலில் வந்து நின்றார். "இவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்துதா?"

"ஆமாங்க. வழியில ஒரு சொட்டு இல்ல."

ஷெட் மூலையில் என் வாளி இருந்தது. நாய் இங்கே கட்டிக் கிடந்த மாசம் முழுக்க ஷெட்டைக் கழுவ ஆள் இல்லாமல் தினமும் காலையில் நானேதான் அந்தக் கல்லில் ஃபினாயில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். தேய்த்து முடித்ததும் நாய் எழுந்து அதன் மேல் போகும். மண்ணுக்குப் போகச் சங்கிலி எட்டாது. இங்கே யாரும் அதைக் கல்லால் அடிக்கவில்லை, கத்தவில்லை. வாழ்க்கையில் முதல்முதலாகப் பயமில்லாமல் போன இடம் அதுதான். ஃபினாயில் வாடை அடிக்கிற கல்தரை என்றால் போகலாம், மற்ற இடமெல்லாம் ஆபத்து. நயினார் வீட்டில் முதலில் தூணடிக் கல்லைத் தேடிப் போனதும் அதனால்தான். அந்த வாடையைத்தான் நாங்கள் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்து நயினார் வீடு முழுக்கத் தெளிக்க வைத்திருக்கிறோம்.

சாமி அறையில் மட்டும் அந்த அம்மா ஃபினாயிலை விட்டிருக்க மாட்டார். பூச்சியைக் கொல்கிற தண்ணீரைச் சாமி முன்னால் ஊற்றுவாரா? வெறும் தண்ணீரில்தான் துடைத்திருப்பார். நாய் அங்கே அடக்கமாகப் படுத்திருந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு அந்தக் கல்லைக் குனிந்து பார்த்தார்.

"நிச்சயமாய்யா?"

"நிச்சயம் இல்லைங்க."

"பின்ன?"

"வேற ஒண்ணும் தோணலைங்க. நயினார் வண்டி விடியக்காலம் திரும்பிப் போவுது. அந்தக் கல்லப் பேத்து நாயோட ஏத்திட்டுப் போலாம்னு பாக்கறேன்."

"அது அரசாங்கக் கல்லுய்யா."

"ஆமாங்க."

அவர் நாயைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, "நான் டீ குடிச்சிட்டு வரேன். பள்ளம் தெரியாம மண்ணப் போட்டு மூடிடு. துப்பாக்கிக்காரன் வந்தா நான் பேசிக்கறேன்" என்று கிளம்பிவிட்டார்.

நிச்சயம் வரட்டும் என்று காத்திருந்தால் சில வேலைகளில் நேரம் போய்விடும். அது எந்த வேலை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தப்பானால் ஒரு கல் போகிறது, சரியானால் ஒரு உயிர் நிற்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கடப்பாரையை எடுத்தேன்.

கல்லோடும் நாயோடும் நான் மறுபடி வந்து இறங்கியதைப் பார்த்து அம்மா வாளியைக் கீழே வைத்தார். "சாமி ரூமுக்கு எங்க தண்ணிய ஊத்துனீங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"ஐய, அந்த நாத்தத்தையா? அங்க வுடுவனா நானு? வெறும் தண்ணிதான்."

எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. வீட்டை இனி வெறும் தண்ணீரால் கழுவச் சொன்னேன், பாட்டிலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கல்லைத் தோட்டத்தில் கிணற்றுக்குப் பின்னால் போட இடம் பார்த்தோம். பார்த்தால் சரியாக அந்த இடத்தில் எறும்புச் சாரை.

"இருங்க தம்பி," என்றார் நயினார். "அதுங்க போவட்டும்."

உள்ளேயிருந்து மயில்பீலி எடுத்துவந்து ஒவ்வொன்றாக ஒதுக்க ஆரம்பித்தார். வழியெல்லாம் அடக்கிவந்த நாய் என் கையில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நாளைக்குப் பாரணை. இவர் எறும்புக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறார். நயினாரே, சீக்கிரம், என்று கத்த வாய் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். எறும்பை நசுக்க மாட்டேன் என்கிற மனிதராக இருந்ததால்தானே இந்த நாய் இதுவரைக்கும் உயிரோடு இருக்கிறது.

ஒருவழியாகக் கல்லை இறக்கினோம். சங்கிலியை அவிழ்த்தேன். நாய் கல்லைப் பார்க்காமல் நேராக வீட்டுக்குள் நடந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். முற்றத்தில் தூணை மோந்தது. நெல் குதிர்ப் பக்கம் மோந்தது. எறும்பு ஒதுங்குவதற்குள் அம்மா எல்லாவற்றையும் வெறும் தண்ணீரில் இரண்டுதரம் அலசியிருந்தார். நாய் குழம்பிப்போய் நடுமுற்றத்தில் நின்று முனகியது. பிறகு மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. தோட்டத்துக் கதவு வழியாக வெளியே வந்து, கிணற்றைச் சுற்றிப் போய், கல்லின் மேல் ஏறியது.

அது முடிக்கும்வரை அம்மா கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"நாமதான் ஒண்ணும் புரியாம முழிச்சிக்கினு கெடந்தோம்னு நெனச்சேன் தம்பி. அதுவுந்தான முழிச்சிருக்குது பாவம்! சரியாத்தான பண்றோம், ஏன் இவங்க கத்தறாங்கன்னு."

மறுநாள் பாரணை நல்லபடியாக நடந்தது. இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று என்னை விடவில்லை. வந்த பெரியவர்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாய் சாமி அறை வாசலில் படுத்திருந்தது. பொழுது சாய்வதற்கு முன்னால் நான் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். நாய் என் பின்னாலேயே வாசல்வரை வந்தது. வா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நின்று வாலாட்டியது. அப்புறம் திரும்பி உள்ளே போய்விட்டது.